மேலாளருக்குத் துணைக்குப் போன சங்கப் பிரதிநிதி

ஒனிஹங்கா பஸ் பாடித் தொழிற்சாலையிலிருந்து ஓய்வுபெறும் திருமதி சாந்தகுமாரி மகேசன் அவர்களுக்கு, உடன் உழைத்தோர் வாசித்தளிக்கும் பாராட்டு மடல்

மின்கம்பிக்கு வழிகாட்டிய விரலும், மேலிடத்துக்கு வளையாத குரலும் ஒருங்கே வாய்த்த ஒப்பற்ற தோழியே! இரும்புச் சட்டத்தின் இருளுக்குள் குனிந்து, இந்நகரின் பேருந்துகளுக்கெல்லாம் விளக்கேற்றி வைத்த எங்கள் இனிய அக்காவே! கேட்கத் தயங்கியவர்க்குக் கேள்வியாகவும், கேட்டுச் சோர்ந்தவர்க்குக் கேலியாகவும், கலங்கி நின்றவர்க்குக் கைத்துணையாகவும் காலமெல்லாம் எங்கள் நடுவே நடந்த நல்லவரே! நெஞ்சு நிறைந்த வணக்கம்!

இந்த ஓட்டத்திலேயே நீள எழுதி வைத்திருந்தோம். ஆனால் சென்ற வாரம் சாப்பாட்டு அறையில், "என்னை முகத்துக்கு நேரை புகழ்ந்தீங்களெண்டா எழும்பிப் போயிடுவன், கேக்கும் வெட்ட மாட்டன்" என்று நீங்கள் எச்சரித்துவிட்டீர்கள். அதனால் இனி உங்களை 'நீங்கள்' என்று விளிக்கப் போவதில்லை. சாந்தகுமாரி என்ற ஒரு பெண்மணிக்கு நடந்ததை நடந்தபடி சொல்கிறோம். வேறு யாரைப் பற்றியோ கேட்பதாக எண்ணி, அருள்கூர்ந்து அந்த நாற்காலியிலேயே இருங்கள். தமிழறியாத சமோவா, தொங்கா, பிலிப்பைன்ஸ் தோழர்கள் சற்றே பொறுத்தருளுங்கள். உங்களுக்கான ஆங்கில உரையும் உண்டு, அதில் இத்தனை அலங்காரம் இல்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து கணவர் மகேசனோடு நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் வந்து இறங்கியபோது சாந்தகுமாரி இளம்பெண். அந்நாளில் இந்நகரின் தென்புறத்தில் கார்களைப் பூட்டி இணைக்கும் ஆலைகள் இருந்தன. மெல்லிய விரல்கள் என்று பார்த்து, காரின் முன்பலகைக்குப் பின்னால் வயர் இழுக்கும் வேலைக்கு அவரை எடுத்தார்கள். சில ஆண்டுகளில் இறக்குமதிக் கார்களுக்கான வரி போயிற்று. ஆலைகளும் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. அவர் வேலை செய்த ஆலை மூடிய நாளில், சங்கத்தில் இருந்தவர்கள் ஒப்பந்தப்படி இழப்பீடு பெற்று வெளியேறினார்கள். அவரோடு ஒரே வரிசையில் நின்ற ஒரு பெண், சந்தா வீண்செலவு என்று சேராதிருந்தவள், வெறுங்கையோடு பஸ் ஏறினாள். அவள் ஏறிய பஸ் கண்ணை விட்டு மறையும்வரை சாந்தகுமாரி வாசலிலேயே நின்றார். அடுத்து எங்கே வேலை கிடைத்தாலும் முதல் நாளே சங்கத்தில் சேர்வது என்று அன்றே முடிவு செய்துகொண்டார்.

அடுத்த வேலை எங்கள் ஆலையில். வெளிநாட்டிலிருந்து எஞ்சினும் சக்கரமுமாக வந்து இறங்கும் அடிச்சட்டத்தின்மேல் நாம் பாடி கட்டுகிறோம். தகடு அடித்து, சாயம் பூசி, வயர் இழுத்து, இருக்கை பூட்டி அனுப்புகிறோம். இந்நாட்டு ஜனவரிக் கோடையில் கண்ணாடி பொருத்திய பஸ்ஸுக்குள் படுத்து வேலை செய்தவருக்குத்தான் அந்த வெக்கை தெரியும். தரை ஒட்டும் பசையின் நெடி தலையைப் பிளக்கும். சாந்தகுமாரி சங்கப் பிரதிநிதியான முதல் கோடையில் நிர்வாகத்தாரோடு வாதாடவில்லை. பேச்சுவார்த்தையை அரைகுறை பஸ் ஒன்றுக்குள் வைத்துக்கொள்வோம் என்று மட்டும் கேட்டார். பெரியவர்கள் கோட்டைக் கழற்றினார்கள், கழுத்துப்பட்டியைத் தளர்த்தினார்கள். அடுத்த வாரம் காற்றாடிகளும் முகமூடிகளும் வந்து சேர்ந்தன.

இவையெல்லாம் நல்ல சேதிகள். ஆனால் அவர் யார் என்பதை எங்களுக்குக் காட்டியது சில ஆண்டுகளுக்கு முன் வந்த அந்தக் குளிர்காலம்தான்.

மின்சார பஸ்களுக்கான ஆர்டர்கள் குவிந்தன. இங்கே வெல்டர்கள் போதவில்லை. திருச்சியிலிருந்தும் மணிலாவிலிருந்தும் ஆட்களை வேலை விசாவில் நிறுவனம் வரவழைத்தது. திருச்சிக்காரர் நவின் மாசி என்ற புறநகரில் சிலரோடு சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தார். சாந்தகுமாரியின் வீடும் மாசியில்தான் என்பதால் காலையில் அவர் காரிலேயே வேலைக்கு வருவார். ஒருநாள் மோட்டார்வேயில் வண்டிகள் நகராமல் நின்றபோது, நவின் கண்ணாடி வழியே வெளியே பார்த்தபடி கேட்டார்.

"அக்கா, இங்க பழைய வெல்டருக்கும் எனக்கும் சம்பளத்துல ஏன் இவ்ளோ வித்தியாசம்? அடிக்கிற வெல்டு ஒண்ணுதானே?"

"இதை ஏன் என்னட்டைக் கேக்கிறீர் தம்பி? ஒபிஸிலை கேட்டிருக்கலாமே."

"கேட்டா விசா போயிரும்க்கா."

"ஆர் சொன்னது?"

"யாரும் சொல்லல. ஆனா தெரியும்."

அந்தப் பதில் சாந்தகுமாரியைக் குத்தியது. யாராவது மிரட்டியிருந்தால் அவர்மேல் புகார் கொடுக்கலாம். ஒருவரும் வாய் திறக்காமலே ஒரு பயம் இப்படி வந்து ஒரு மனிதனுக்குள் குடியேறியிருந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? ஆலை வாசலில் இறங்கும்போது, "விசாவிலை கொம்பனியின்ர பேர் கிடக்கலாம். உம்மட கையிலை ஒருத்தற்ற பேரும் இல்லை. சங்கத்திலை சேருறதைப் பற்றி யோசியும். பயமெண்டா பயமெண்டே சொல்லும், நான் கோவிக்க மாட்டன்" என்றார்.

அதே மாதம் கூட்டு ஒப்பந்தப் பேச்சு தொடங்கியது. நிறுவனம் நீட்டிய கை தாராளமாகத்தான் தெரிந்தது. பழைய தொழிலாளர்களுக்கு நல்ல ஊதிய உயர்வு. ஒரே நிபந்தனை: விசாவில் வந்தவர்கள் கூட்டு ஒப்பந்தத்துக்கு வெளியே, தனித்தனி ஒப்பந்தத்தில், குறைந்த சம்பளத்தில் இருக்க வேண்டும்.

இங்கே சிவனேசனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் எங்கள் உற்பத்தி மேலாளர். ஈப்போவிலிருந்து வந்த மலேசியத் தமிழர், கிளென்ஃபீல்டில் குடியிருப்பவர். அவர் மனைவி நிர்மலாதேவியும் சாந்தகுமாரியும் கோயில் அன்னதானத்துக்கு ஒரே அடுப்பில் வடை சுட்டவர்கள். ஒருவர் வீட்டுச் சாவி இன்னொருவரிடம் இருக்கும் அளவுக்கு நெருக்கம். சிவனேசன் சாந்தகுமாரியைத் தன் அறைக்கு அழைத்தார். கதவைச் சாத்திவிட்டு, 'லா' ஒட்டிய ஈப்போத் தமிழில் பேசினார்.

"அக்கா, மெல்பர்ன் ஹெட் ஆபீஸ்ல இதுக்கு மேல குடுக்க மாட்டாங்க. நம்ம ஆளுங்க நீங்க சொன்னா கேப்பாங்க. தமிழாளுங்களையாவது ஸ்ட்ரைக்குக்குப் போகாம பாத்துக்குங்கலா, ப்ளீஸ்."

"நவினும் தமிழ்ப் பெடியன்தானே சிவனேசன். அவன்ர சம்பளத்தைக் குறைக்கேக்கை அது நினைவு வரேல்லையோ?"

"அது பிஸ்னஸ்க்கா."

"அப்ப இதுவும் அப்பிடித்தான். கோயிலிலை ஒரு பந்தியிலை இருப்பம், இஞ்சை மேசைக்கு ரெண்டு பக்கம். அதையும் இதையும் நீங்கள் கலக்காதேங்கோ."

சங்கக் கூட்டம் சாப்பாட்டு அறையில் ஆங்கிலத்தில் நடந்தது. ஆனால் சூடு ஏறியதும் அவரவர் தாய்மொழி வெளியே வந்து விழுந்தது. தகடு அடிக்கும் பகுதியின் சற்குணம் எழுந்தார். அவர் சொன்னதை இங்கே மறைக்கப் போவதில்லை. மறைக்க வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார்.

"அக்கா, எனக்கு வீட்டு மோர்ட்கேஜ் கிடக்கு, மூண்டு பிள்ளையள் கிடக்கு. தாறதை வாங்குவம். அவங்களுக்கு அடுத்த முறை பாப்பம்."

"நீர் சொல்லுறது நியாயம் சற்குணம். எனக்கும் மோர்ட்கேஜ் கிடக்கு. மகேசன்ர முதுகு ஒப்பரேசனுக்குப் பிறகு அவர் டாக்சி ஓடுறேல்லை எண்டதும் உமக்குத் தெரியும். ஆனா ஒண்டு சொல்லும். குறைஞ்ச சம்பளத்துக்கு அதே வேலை செய்ய ஆள் உள்ளுக்கை நிண்டா, அடுத்த முறை உமக்கு ஏன் கூட்டித் தருவாங்கள்?"

சற்குணம் உட்கார்ந்தார். அப்போது உறுப்பினர் அல்லாததால் வாசலிலேயே நின்றுகொண்டிருந்த நவின் உள்ளே வந்தார். "நான் சேர்றேன்க்கா" என்றார். அவர் பின்னால் மற்ற வெல்டர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். நிபந்தனையை மறுப்பது என்று சிறிய பெரும்பான்மையில் முடிவாயிற்று. வேலைநிறுத்தம் தொடங்கியது, சில நாளில் நிறுவனம் கதவடைத்தது. அந்த அறிவிப்பில் கையெழுத்திட்டவர் சிவனேசன்.

மானுக்கவ் துறைமுகத்திலிருந்து வீசும் மழையில் வாசலில் நின்ற வாரங்களை எங்களில் எவர் மறப்பார்? தொங்காத் தோழர்கள் கூடாரம் அடித்துச் சொசேஜ் சுட்டார்கள். சாந்தகுமாரி வாசலில் நின்று சிரித்தார், பாடினார், பத்திரிகைக்காரர்களுக்குப் பதில் சொன்னார். மாலையில் மாசிக்குப் போனதும், வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருப்பார். இத்தனை குடும்பங்களின் சம்பளத்தை வீணாகப் பணயம் வைத்துவிட்டேனோ என்று மகேசனிடம் கேட்க வேண்டும். கேட்டால் அழுதுவிடுவோம் என்று பயம். மகேசனே முதுகைப் பிடித்துக்கொண்டு வந்து கார்க் கதவைத் திறந்து, "இறங்கும், தேத்தண்ணி ஆறுது" என்பார். வேறொன்றும் கேட்க மாட்டார்.

அதைவிட வலித்தது கோயிலில் நடந்தது. வெள்ளிக்கிழமைப் பூசையில் நிர்மலாதேவி அவரைப் பார்த்தும் பாராததுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார். கொடுத்து வைத்திருந்த வீட்டுச் சாவி தபாலில் வந்து சேர்ந்தது.

முடிவில் நிறுவனம் இறங்கி வந்தது. ஒரே வேலைக்கு ஒரே ஊதியம், விசா எதுவானாலும் என்று ஒப்பந்தமாயிற்று. சனிக்கிழமைக் கட்டாய வேலையை ஒழிக்கக் கேட்டோம், அது கிடைக்கவில்லை. இன்றுவரை அந்தச் சனிக்கிழமைகளைச் சபித்துக்கொண்டேதான் வேலைக்கு வருகிறோம். நிர்வாகத்தின் சார்பில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவரும் சிவனேசனே.

கதை அத்தோடு முடிந்திருந்தால் இம்மடல் இத்தனை நீண்டிருக்காது.

அடுத்த ஆண்டு, ஒரு ஞாயிறு பிற்பகல், சாந்தகுமாரியின் வீட்டு மணி அடித்தது. சிவனேசனும் நிர்மலாதேவியும் நின்றார்கள். உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். தேநீர் வந்தது. சிவனேசன் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டாரே தவிர வாயில் வைக்கவில்லை. பேசியது நிர்மலாதேவிதான்.

"சாந்தி, இவர் வேலைய எடுக்கப் போறாங்க. புதன்கிழமை மீட்டிங். துணைக்கு ஒருத்தரைக் கூட்டிட்டு வரலாம்னு சொல்லியிருக்காங்க. இவர் யாரையும் கேக்க மாட்டேங்கிறார்."

"நிர்மலா, கிளம்புவோம். அக்காவைக் கேக்கிறது நியாயமில்லலா."

"வேற யாரைக் கேக்கச் சொல்றீங்க? இந்த மீட்டிங்கெல்லாம் தெரிஞ்சவங்க நமக்கு யாரு இருக்கா?"

பின்னாளில் சாந்தகுமாரி இதை எங்களிடம் சொன்னபோது ஒளிக்கவில்லை: "பொய் சொல்லக்கூடாது. முதல் கொஞ்சம் சந்தோசமாத்தான் இருந்தது." மழையில் நின்ற வாரங்களும், தபாலில் வந்த சாவியும் அந்த ஒரு நொடியில் அவர் நெஞ்சில் வந்து நின்றன. இப்போது தெரிகிறதா என்று கேட்க நா எழுந்தது. எதிரே இருந்த மனிதரின் தேநீர் கோப்பையிலேயே ஆறி ஆடை படிந்திருந்தது. பலமுறை பார்த்த காட்சிதான் அது. அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்த எங்களில் எத்தனையோ பேர் அவர் முன்னால் அப்படி உட்கார்ந்திருக்கிறோம்.

"எத்தினை மணிக்கு மீட்டிங்?" என்று கேட்டார்.

அவர்கள் போனபின் மகள் பிரணவி அறையிலிருந்து வெளியே வந்தாள். "அம்மா, ஆர் யூ சீரியஸ்? ஹீ லாக்ட் யூ அவுட்!"

"ஓமடி. இப்ப அவரை லொக் அவுட் பண்ணப் போகினம்."

செவ்வாய்க்கிழமை காலை காரில் நவின் அதையே வேறு விதமாகச் சொன்னார். "நம்மள மழையில நிறுத்தினவரு அவரு. அவருக்குப் போயி நீங்க பேசணுமா? ஷெட்டுல எல்லாரும் கொதிச்சுப் போயிருக்காங்கக்கா."

"எனக்குத் தெரியும் தம்பி. ஒருத்தரை வேலையாலை நிப்பாட்டேக்கை நேர்மையா நிப்பாட்டவேணும் எண்டு இவ்வளவு காலமும் கத்தினனான். அது எங்கட ஆக்களுக்கு மட்டும்தான் எண்டா, நான் கத்தினதுக்கு ஒரு பெறுமதியும் இல்லை."

நவின் சமாதானம் ஆகவில்லை. கை நீட்டி வானொலியின் ஒலியைக் கூட்டினார்.

புதன்கிழமை அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, வேலைச் சட்டையோடேயே சாந்தகுமாரி கூட்டம் நடக்கும் அறைக்குப் போனார். பல ஆண்டுகள் மேசைக்கு எதிர்ப்புறம் இருந்தவரின் பக்கத்து நாற்காலியில் அமர்ந்தார். மெல்பர்னிலிருந்து மனிதவளத் தலைவி திரையில் தோன்றி, உற்பத்தி மேலாளர் என்ற பதவியே இனி அவசியமில்லை, இது வெறும் மறுசீரமைப்பு என்றார். அப்படியானால் சென்ற வாரம் எங்கள் தளத்தைச் சுற்றிப் பார்த்து, தான்தான் இனி உற்பத்தியைக் கவனிக்கப் போவதாக எல்லோருக்கும் கைகொடுத்துவிட்டுப் போனவர் யார் என்று சாந்தகுமாரி கேட்டார். திரையில் இருந்தவர் மைக்கை அணைத்துவிட்டுப் பக்கத்தில் யாரிடமோ பேசினார். கலந்தாலோசனை என்று அழைத்துவிட்டு, முடிவை முன்பே எடுத்து வைத்திருப்பது சட்டப்படி சரியா என்று அடுத்த கேள்வி.

கடைசியில் அந்தத் தலைவி சற்றே எரிச்சலோடு, உங்கள் ஆட்களைக் கதவடைத்து வெளியே நிறுத்திய மேலாளருக்காகவா இத்தனையும் என்று கேட்டுவிட்டார். சாந்தகுமாரி ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார்: "எங்களுக்கு அவர் கடினமான மேலாளர். ஆனால் தருவதாகச் சொன்ன எதையும் அவர் தராமல் விட்டதில்லை. அதே நேர்மையை உங்களிடம் அவருக்காகக் கேட்கிறேன்."

சிவனேசன் தலை குனிந்திருந்தார். அவர் தோள்கள் குலுங்குவதைத் திரை காட்டியிருக்காது. பக்கத்தில் இருந்தவர் பார்த்தார், பார்க்காததுபோலத் தன் கோப்பை நீரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

வேலை பிழைக்கவில்லை. ஆனால் அன்றே வெளியேற்ற இருந்தவரை முறையான கால அவகாசம் கொடுத்து, உரிய இழப்பீடும் நற்சான்றும் கொடுத்து அனுப்ப வேண்டியதாயிற்று. நகரின் வடகரையில் ஒரு வாகனப் பழுதுபார்ப்புக் கூடத்தில் அவருக்கு வேறு வேலை கிடைத்தது. கார் நிறுத்துமிடத்தில் பிரியும்போது, "அக்கா, மேனேஜர்ங்க யூனியன்ல சேரலாமா?" என்று கேட்டாராம். "சட்டத்திலை தடையில்லை. எங்கட ஆக்கள்தான் ஓம் எண்டு சொல்லவேணும்" என்று இவர் சிரித்தாராம்.

எங்கள் ஆட்கள் அப்போது ஓம் என்கிற நிலையில் இல்லை. அவ்வாண்டு பிரதிநிதித் தேர்தலில் சற்குணம் போட்டியிட்டார், சாந்தகுமாரி தோற்றார். முடிவு அறிவித்ததும் முதலில் எழுந்து வென்றவருக்குக் கைகொடுத்தவர் சாந்தகுமாரிதான். "இதிலை வெக்கப்பட ஒண்டுமில்லை. என்னை எடுத்தெறிய முடியாட்டில் அது யூனியனே இல்லை" என்று எல்லோர் காதிலும் விழச் சொன்னார். சொன்னாரே தவிர, அந்த வாரம் முழுக்கச் சாப்பாட்டு அறைக்கு அவர் வரவில்லை. அரைகுறை பஸ் ஒன்றில், இன்னும் பூட்டாத இருக்கையில் தனியே அமர்ந்து, தெருமுனை டெயரிக் கடையில் வாங்கிய சாண்ட்விச்சைச் சாப்பிட்டார்.

அடுத்த திங்கட்கிழமை அங்கே போய் எதிரே அமர்ந்தவர் சற்குணம். "அக்கா, சாயப் பகுதியிலை ஒருத்தனுக்கு நாளைக்கு விசாரணை. பிழை அவனிலைதான். நான் என்னெண்டு கதைக்கிறது?"

"பிழை செய்தவனுக்குத்தான் பக்கத்திலை ஆள் வேணும். இரும், சொல்லுறன்" என்று பாதி சாண்ட்விச்சை அவர் பக்கம் நீட்டினார் சாந்தகுமாரி.

அன்றுமுதல் நேற்றுவரை ஒரு பதவியும் இல்லாமல் வயர் இழுத்தார். விசாரணைக்கு அழைக்கப்பட்டவர் எவரானாலும் முதல்நாள் மதியம் அவர் இருக்கும் பஸ்ஸைத் தேடிப் போனார். நவின் நிரந்தர வதிவிட உரிமை பெற்ற நாளில் இனிப்புப் பெட்டியோடு முதலில் ஏறிய வீடும் மாசியிலுள்ள அவர் வீடுதான்.

அக்கா! இனி உங்களைப் பார்த்தே பேசுகிறோம், எழுந்து போய்விடாதீர்கள்.

இவ்விழாவுக்கு யாரை அழைப்பது என்று சென்ற மாதம் சங்கக் கூட்டம் கூடியது. சிவனேசன் குடும்பத்தை அழைக்கலாமா என்று ஒருவர் கேட்டார். நெடுநேரம் சத்தம் போட்டோம். மழையில் நின்றவர்கள் நாங்கள்; மறக்கவில்லை, மறக்கவும் மாட்டோம். பிறகு வழக்கம்போல வாக்கெடுத்தோம். கை தூக்காதவர்கள் சிலர் இருந்தார்கள். அவர்களும் இம்மண்டபத்தில்தான் இருக்கிறார்கள். ஆனால் கைகள் போதிய அளவு உயர்ந்தன. நீங்கள் முன்வரிசையில் அமர்ந்திருப்பதால் பார்த்திருக்க மாட்டீர்கள். சற்றே திரும்பிப் பாருங்கள். கடைசி வரிசையில் சிவனேசனும் நிர்மலாதேவியும் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களை அழைத்தவர்கள் நாங்கள்.

வயரை வளைத்து வளைத்து வலித்த மணிக்கட்டுகள் வலி மறந்து வாழ்க! மகேசன் அண்ணரின் முதுகு நிமிர்ந்து, மாலையில் இருவரும் கடற்கரையில் கைகோத்து நடக்கும் காலம் கனிக! சனிக்கிழமை என்பது உறங்கி எழும் நாள் என்பதை இனியேனும் உங்கள் உடல் உணர்க! உற்றாரும் மற்றாரும் உங்கள் வீட்டு மணியை அடித்துக்கொண்டே இருக்க, நோயற்று, நூறாண்டு கடந்து, நகைச்சுவை குன்றாமல் நீடு வாழ்க!

என்றும் உங்கள் பக்கத்து நாற்காலியில் அமர விரும்பும்,
ஒனிஹங்கா பஸ் பாடித் தொழிற்சாலைத் தொழிலாளர்கள்

அனைவர் சார்பிலும் எழுந்து நின்று வாசித்தளிப்பவர்:
சற்குணம், சங்கப் பிரதிநிதி